வக்கீலாக இருந்து சுற்றுச்சூழல் அரசியலுக்குப் போகலாமா? யோ லைனென் போன வழியைப் பற்றி ஒரு கேள்வி

பாரிமுனை_ஜூனியர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உயர் நீதிமன்றத்தில் ஜூனியராகச் சேர்ந்து நாலு வருஷம் முடிந்துவிட்டது. என் சீனியரிடம் வருவதில் பாதிக்கு மேல் சுற்றுச்சூழல் வழக்குகள், அதனால் பசுமைத் தீர்ப்பாயம், ரிட் மனு, கடலோர மண்டல அனுமதி என்றுதான் என் நாள் போகிறது.

போன மாதம் வடசென்னைப் பக்கம் எண்ணூரில் ஒரு ஆலை விரிவாக்கத்துக்காக நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஷாமியானா, வாடகை நாற்காலி, மோர் பாக்கெட், மேடையில் ஐந்தாறு அதிகாரிகள். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு மீனவப் பெண்மணி பாலிதீன் பையில் ஆற்றுச் சேற்றை அள்ளிக்கொண்டு வந்திருந்தார். மைக்கைக் கையில் வாங்கியதும் பையை அவிழ்த்து, அந்தச் சாம்பல் நிறச் சேற்றை மேஜை விரிப்பின் மேலேயே கொட்டிவிட்டு, "இந்தச் சேத்துல கைய வுட்டுத் தடவி எறா புடிச்சுத்தான் ரெண்டு பொண்ணையும் கட்டிக் குடுத்தேன், இப்ப கைய வுட்டா கை அரிக்குதே தவிர எறா வரல" என்று ஆரம்பித்தார். பத்து நிமிஷம் பேசியிருப்பார். கூட்டமே அசையவில்லை. அப்புறம் நடவடிக்கைக் குறிப்பின் நகல் எங்கள் ஆபீஸுக்கு வந்தபோது அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஒரே ஒரு வரி இருந்தது: மீன்வளம் குறித்து ஒருவர் கருத்துத் தெரிவித்தார்.

வழக்குப் போடலாம், போடத்தான் போகிறோம். ஆனால் எத்தனை வழக்குப் போட்டாலும் எல்லாம் முடிவான பிறகுதான் நாங்கள் போய் நிற்கிறோம், முடிவு எடுக்கிற அறைக்குள் எங்களில் யாருமே இல்லை என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

அந்த நேரத்தில்தான் யோ லைனென் என்ற ஜெர்மன்காரரைப் பற்றிப் படித்தேன். 1948-இல் ஸார்லாந்து மாநிலத்தில் பிறந்தவர், சட்டமும் பொருளாதாரமும் படித்து ஃப்ரைபுர்க் நகரத்தில் வக்கீலாக இருந்தவர். 1977-இல் இருந்து 1984 வரை, ஊர் ஊராகக் கிளம்பிய குடிமக்கள் இயக்கங்களை ஒன்றாகக் கோத்த சுற்றுச்சூழல் கூட்டமைப்பின் சார்பில் வெளியே பேசியவர்களில் முக்கியமானவர். அடுத்த வருஷமே, 1985-இல், ஸார்லாந்தின் சுற்றுச்சூழல் அமைச்சர். 1994 வரை அந்தப் பதவி. 1999-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போய் 2019 வரை இருபது வருஷம் அங்கே இருந்திருக்கிறார், நடுவில் 2009-இல் இருந்து 2012 தொடக்கம் வரை அங்கே சுற்றுச்சூழல் குழுவுக்குத் தலைவர்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ஒரு கட்சியின் வழக்கறிஞர் அணியில் இருந்து என்னைக் கூப்பிடுகிறார்கள். பெரிய பதவி ஒன்றும் இல்லை, ஆனால் உள்ளே போக ஒரு வாசல். ஒரு பெண்ணாக அங்கே போனால் என்னென்ன இருக்கும் என்பதும் ஓரளவுக்குத் தெரியும். லைனென் மாதிரி ஒருவர் போனதால் ஊருக்கு என்ன கிடைத்தது? வக்கீலாகவே இருந்திருந்தால் அதைச் செய்திருக்க முடியாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பொத்தாம்பொதுவாக அரசியல் சாக்கடை என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை வீட்டிலேயே நிறையக் கேட்டாகிவிட்டது.


வேளச்சேரிவாசி எழுதியது:

நான் வக்கீல் இல்லை, மென்பொருள் வேலை. ஆனால் ஃப்ரைபுர்க்கில் மூன்று வருஷம் இருந்தேன், லைனென் எந்த மண்ணில் இருந்து கிளம்பினார் என்பதை நேரில் பார்த்தவன் என்ற முறையில் அதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த மண்ணைத் தெரிந்துகொள்ளாமல் அந்த ஆளைப் புரிந்துகொள்ள முடியாது.

ஃப்ரைபுர்க்குக்கு வடமேற்கே, ரைன் ஆற்றங்கரையில், வீல் என்று ஒரு சின்ன ஊர். பக்கத்திலேயே கைசர்ஸ்டூல் என்ற மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம். 1973-இல் அங்கே அணுமின் நிலையம் வரப்போகிறது என்று செய்தி வந்தபோது முதலில் எதிர்த்தவர்கள் மாணவர்களோ கட்சிக்காரர்களோ இல்லை, அந்தத் திராட்சை விவசாயிகள்தான். அவர்களுக்குக் கதிர்வீச்சை விடப் பெரிய பயம் பனிமூட்டம். குளிர்விக்கும் கோபுரத்தில் இருந்து கிளம்புகிற நீராவி வெயிலை மறைத்தால் திராட்சையில் இனிப்பு இறங்காது, பழம் போனால் மதுவும் போச்சு. தன் வயிற்றில் அடிப்பது எது என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. நீங்கள் சொன்ன அந்த அம்மா சேற்றைக் கொட்டியதைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

1975 பிப்ரவரியில் வேலை தொடங்கியதும் ஊர்க்காரர்கள் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டே நாளில் போலீஸ் தண்ணீர் பீய்ச்சி, இழுத்துப் போட்டுக் காலி செய்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை 25,000 பேருக்கு மேல் திரும்பி வந்தார்கள். அப்புறம் எட்டு மாதத்துக்கும் மேல் அந்தக் காட்டை விட்டு நகரவில்லை. மரத்தில் பெரிய வட்ட வீடு ஒன்றைக் கட்டி அதற்குள் ஒரு மக்கள் கல்லூரியே நடத்தினார்கள், இயற்பியல் ஆசிரியர் ஒருநாள், மருத்துவர் ஒருநாள், வக்கீல் ஒருநாள் என்று வந்து பாடம் எடுப்பார்கள், டிராக்டர் ஓட்டுகிறவர் உட்கார்ந்து குறிப்பு எடுப்பார். ரைனுக்கு அந்தக் கரையில் பிரான்ஸ். அங்கே மார்கோல்ஸ்ஹைம் என்ற ஊரில் வரவிருந்த ஈய ஆலைக்கு எதிராக அதற்கு முந்தின வருஷமே இரண்டு கரைக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள், 1975 பிப்ரவரியில் ஜெயித்தார்கள். நாடு வேறு, பேச்சுவழக்கு ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் அந்தக் காட்டுக்குப் போனேன். உலை நின்றிருக்க வேண்டிய இடம் இன்றைக்கு இயற்கைப் பாதுகாப்புப் பகுதி. ஈரமான தழை வாசனை, கொசு, மரங்கொத்தி ஒன்று எங்கேயோ தட்டிக்கொண்டே இருந்தது. ஒரு பாறாங்கல்லில் அவர்கள் கோஷத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்: நை ஹெம்மர் க்ஸைட். புத்தக ஜெர்மன் இல்லை, ஊர்ப் பேச்சு. நம் பேச்சில் சொன்னால், வேணாம்னு சொல்லிட்டோம்ல.

வீல் இருக்கிற பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தின் அப்போதைய முதலமைச்சர் ஃபில்பிங்கர், வீல் நிலையம் வராவிட்டால் பத்தாண்டு முடிவதற்குள் விளக்குகள் அணையத் தொடங்கும் என்று சட்டமன்றத்தில் சொன்னார். அணையவில்லை. 2012-இல் நமக்கு இங்கே சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம், வெளி மாவட்டங்களில் அதைவிடப் பல மடங்கு மின்வெட்டு இருந்தபோது, கூடங்குளம் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று டீக்கடை டீக்கடையாகப் பேசினோமே, அதை நினைத்துப் பாருங்கள். இடிந்தகரையில் உண்ணாவிரதம் இருந்தவர்கள் மேல் நம் எல்லோருக்கும் எரிச்சல் வந்ததற்கு அந்தப் புழுக்கமும் ஒரு காரணம். நானும் அப்படிப் பேசியிருக்கிறேன், இன்றைக்கு அதற்காக வருத்தப்படுகிறேன்.

லைனென் வக்கீலாக இருந்தது இந்தக் காட்டில் இருந்து சைக்கிள் தூரத்தில் இருக்கிற ஊரில். அவர் பின்னால் அரசியலில் பேசியது முழுக்க இங்கே கேட்டதுதான் என்பது என் நம்பிக்கை.


பழைய_கறுப்புக்கோட்டு எழுதியது:

அம்மா, முப்பத்தெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

வேளச்சேரிவாசி சார் கதையை நன்றாகச் சொன்னார், ஆனால் கோர்ட்டில் என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டார். 1977-இல் ஃப்ரைபுர்க் நிர்வாக நீதிமன்றம் வீல் நிலையத்துக்கான அனுமதியை ரத்து செய்தது. உலைக்கலன் வெடித்தால் தாங்கிக்கொள்ளத் தனியாக ஒரு காப்புச் சுவர் வேண்டும், அது இந்தத் திட்டத்தில் இல்லை என்பது காரணம். ஊரே கொண்டாடியிருக்கும். 1982-இல் மன்ஹைமில் இருக்கிற மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, கட்டலாம் என்று சொல்லிவிட்டது. சட்டப்படி பார்த்தால் ஊர்க்காரர்கள் தோற்றுவிட்டார்கள். ஆனால் அதற்குள் ஏழெட்டு வருஷம் ஓடியிருந்தது, மின்சாரத் தேவை அவர்கள் கணக்குப் போட்ட மாதிரி ஏறவில்லை, மறுபடி போலீஸை அனுப்ப எந்த அரசுக்கும் தைரியம் இல்லை. 1983-இல், ஃபில்பிங்கருக்குப் பிறகு வந்த முதலமைச்சர் லோதார் ஷ்பேத் இப்போதைக்கு வீல் அவசரம் இல்லை என்று சொல்லி ஒத்திப் போட்டார், போட்டது போட்டபடியே கிடந்து செத்துப் போனது.

இப்போது இன்னொரு வழக்கைப் பார். லைனென் ஸார்லாந்தில் அமைச்சராக இருந்த காலம். எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்சுக்குள், மோசெல் ஆற்றங்கரையில் கத்தநோம் அணுமின் நிலையம் வருகிறது. காற்று அடித்தால் ஸார்லாந்துக்குத்தான். ஒரு ஜெர்மன் மாநிலமே பிரெஞ்சு நீதிமன்றத்தில் போய் வழக்குப் போட்டது, லக்சம்பர்க் தரப்பும் பிரெஞ்சுத் தரப்பும்கூடச் சேர்ந்துகொண்டன. ஸ்ட்ராஸ்பூர்க் நிர்வாக நீதிமன்றம் அதை ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 1988 செப்டம்பரில் தீர்ப்பு: கதிரியக்கக் கழிவை வெளியேற்ற அனுமதி கொடுப்பதற்கு முன்னாலேயே அதைப் பற்றிய விவரங்களை ஐரோப்பிய ஆணையத்துக்குக் கொடுத்தாக வேண்டும், அனுமதி கொடுத்த பிறகு தெரிவித்தால் போதாது. சட்டப் புள்ளியில் ஸார்லாந்து சொன்னதுதான் நின்றது. சட்டக் கல்லூரியில் இன்றைக்கும் அது பாடம். ஆனால் கத்தநோம்? நாலு உலை, ஒவ்வொன்றும் 1300 மெகாவாட் வகை, இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வழக்கில் தோற்ற ஊரில் உலை வரவில்லை, சட்டப் புள்ளியில் ஜெயித்த ஊருக்குப் பக்கத்தில் நாலு உலை ஓடுகிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது என் தொழில் எனக்கே வேறு மாதிரி தெரிகிறது. வீலில் கோர்ட் வாங்கிக் கொடுத்தது நேரம். அந்த நேரத்தில் ஊர் கலையாமல் நின்றது, அதுதான் காப்பாற்றியது. கத்தநோமில் எல்லைக்கு அந்தப் பக்கம் அப்படி நிற்க ஆள் போதவில்லை, ஒரு மந்திரி கையில் இருந்த முத்திரை எல்லைக்கோட்டோடு சரி.

நம் ஊரிலும் இதே கதைதான். 1996-இல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பை நீயும் படித்திருப்பாய். முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, மாசுபடுத்தியவனே செலவைத் தர வேண்டும், இந்த இரண்டும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் அழுத்திச் சொன்னார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு ஒன்று வைக்கச் சொன்னதும் அதில்தான். அவ்வளவு பெரிய தீர்ப்பு. பாலாற்றங்கரைக்குப் போய்க் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார். 2013-இல் கூடங்குளம் வழக்கில் நாம் தோற்றோம், நிலையம் ஓடுகிறது, ஆனால் பாதுகாப்பு நிபந்தனைகள் கொஞ்சம் எழுத்தில் வந்தன.

இன்னொன்று, சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை என்று நம் அரசியலமைப்பில் 48ஏ பிரிவு வந்தது 1976-இல். ஜெர்மனியில் அதே மாதிரி 20ஏ பிரிவு வந்தது 1994-இல்தான். நாம் பதினெட்டு வருஷம் முந்தி! ஆனால் 2021-இல் அவர்களுடைய அரசமைப்பு நீதிமன்றம் அந்த 20ஏ-வைக் கையில் எடுத்து, 2030-க்குப் பிறகு பசுமைக்குடில் வாயுக்களை எவ்வளவு குறைப்போம் என்று எழுதாமல் விட்ட பருவநிலைச் சட்டம் இன்றைய இளைஞர்களின் நாளைய சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று சொல்லிவிட்டது. சில மாதத்திலேயே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 2045-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவோம் என்று எழுதியது. திருத்துவதற்கு உள்ளே ஆள் இருந்தார்கள் என்பதைக் கவனி. தீர்ப்பு மட்டும் வந்திருந்தால் நம் ஊர் மாதிரி வாய்தா மேல் வாய்தாதான்.

அதனால் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சட்டப் புத்தகங்களை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் போகாதே.


கணக்குக்_கேட்பவன் எழுதியது:

மேலே எழுதியவர்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் ஒரு பெரிய வித்தியாசத்தை யாரும் சொல்லவில்லை. லைனென் உள்ளே போனது அவர் திறமையால் மட்டும் இல்லை, அந்த ஊர்த் தேர்தல் முறை அதற்கு இடம் கொடுத்தது.

1985-இல் ஸார்லாந்துத் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஒஸ்கார் லாஃபோந்தேன் எதற்காக ஒரு போராட்டக்காரரை அமைச்சராக்குகிறேன் என்றார்? அங்கே பசுமைக் கட்சி வளர்ந்து வந்த நேரம். 5 விழுக்காடு வாக்கு வாங்கினால் சட்டமன்றத்துக்குள் வந்துவிடலாம். அவர்களுக்குப் போகிற ஓட்டைத் தன் பக்கம் இழுக்க லைனென் மாதிரி ஒரு முகம் தேவைப்பட்டது. கணக்குப் பலித்தது, பசுமைக் கட்சி அந்தத் தடவை 5 விழுக்காட்டைத் தாண்டவில்லை, லாஃபோந்தேன் தனிப் பெரும்பான்மையோடு வந்தார். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. சுற்றுச்சூழலுக்காக 5 விழுக்காடு பேர் நின்றால் ஒரு பெரிய கட்சி பயந்து இறங்கி வரும் என்ற ஏற்பாடு அங்கே இருக்கிறது என்கிறேன். ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் அப்படித்தான், ஜெர்மனியில் கட்சி ஒரு பட்டியல் போடும், பட்டியலில் மேலே பெயர் இருந்தால் போதும். லைனென் இருபது வருஷம் அப்படித்தான் போய் வந்தார், ஒரு தொகுதியில் வீடு வீடாகப் போய் ஜெயித்து அல்ல.

இங்கே? தொகுதியில் முதலில் வந்தால்தான் உண்டு. தமிழ்நாடு முழுக்க 5 விழுக்காடு பேர் உங்களுக்கு ஓட்டுப் போட்டாலும் ஒரு இடம்கூடக் கிடைக்காமல் போகலாம். சட்டமன்றத்துக்கு வைப்புத் தொகை 10,000 ரூபாய்தான், அது பிரச்சினை இல்லை. வேட்பாளர் செலவுக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பே 40 லட்சம், அந்த வரம்பு எப்படி மதிக்கப்படுகிறது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வழக்கறிஞர் அணியில் சேர்ந்தால் முதல் பத்து வருஷம் நீங்கள் செய்யப் போவது கட்சிக்காரர்கள் மேல் போட்ட வழக்குகளுக்கு வக்காலத்து. எண்ணூர் வழக்கு அந்தப் பத்து வருஷத்தில் யார் கையில் இருக்கும்?

மேலே போனாலும் நிலை என்ன? நோர்பெர்ட் ரோட்கன், அவரும் சட்டம் படித்தவர், 2009-இல் ஜெர்மனியின் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர். 2011-இல் ஃபுகுஷிமாவுக்குப் பிறகு அணுமின் நிலையங்களை மூடுகிற முடிவு அவர் காலத்தில்தான் வந்தது. 2012 மே மாதம் ஒரு மாநிலத் தேர்தலில் கட்சி படுதோல்வி, சில நாளில் அரசின் தலைவர் மெர்க்கல் அவரைப் பதவியில் இருந்து நீக்கிவிட்டார். சுற்றுச்சூழலில் என்ன செய்தார், செய்யவில்லை என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதையெல்லாம் உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. போகிற வாசல் எது, அந்த வாசலுக்குப் பின்னால் என்ன அறை இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். மாநகராட்சியில் 200 வார்டு இருக்கிறது. 2022 தேர்தலுக்குப் பிறகு வார்டு குழு, பகுதி சபை என்று விதிமுறை வந்திருக்கிறது, பல இடத்தில் கண்துடைப்பாக நடக்கிறது, ஆனால் தீர்மானம் எழுதினால் அது பதிவு. என் கருத்தில் உங்கள் வாசல் அங்கேதான்.


திருவான்மியூர்_மழை எழுதியது:

நான் கழிவு மேலாண்மைக் கொள்கை பற்றி ஆராய்ச்சி செய்கிறேன், ஐரோப்பியச் சட்ட வரைவுகளைத் தினமும் படிக்க வேண்டிய வேலை. லைனென் தலைவராக இருந்த அந்தக் குழுவைப் பற்றி ஒன்றிரண்டு விஷயம், ஏனென்றால் வக்கீல் மூளைக்கு அங்கேதான் உண்மையான தீனி.

சட்டத்தின் முதல் வரைவை ஐரோப்பிய ஆணையம் எழுதும். அது குழுவுக்கு வரும். குழுவில் ஒருவரை அறிக்கையாளராகப் போடுவார்கள், அவர் திருத்தங்களைத் தொகுப்பார், ஒரு வரைவுக்கு நூற்றுக்கணக்கில் திருத்தம் வரும். அப்புறம் உறுப்பு நாடுகளோடு உட்கார்ந்து பேரம். இதில் ஒரு சொல்லுக்காக ராத்திரி இரண்டு மணி வரை சண்டை நடக்கும். செய்ய வேண்டும் என்பதைச் செய்ய முயல வேண்டும் என்று மாற்றிவிட்டால் சட்டமே பல் போன பாம்பு. கூடுமானவரை என்று ஒரு சொல்லை நுழைத்துவிட்டால் கம்பெனிக்காரர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். இதைக் கண்டுபிடிக்க வழக்கு நடத்திப் பழகின கண் வேண்டும், ஏனென்றால் அந்தச் சொல் பத்து வருஷம் கழித்து எந்தக் கோர்ட்டில் எப்படி உடையும் என்று அவர்களுக்குத்தான் முன்கூட்டியே தெரியும். லைனென் அதற்கு முன்னால் 2004-இல் இருந்து 2009 வரை அரசியலமைப்பு விவகாரக் குழுவின் தலைவர், ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை விதிகளை மாற்றிய லிஸ்பன் உடன்படிக்கை பேசப்பட்ட காலம் அது. அந்த அனுபவத்தோடுதான் சுற்றுச்சூழல் குழுவுக்கு வந்தார். வந்த வருஷமே கோபன்ஹேகன் பருவநிலை மாநாடு, அது எப்படிக் கைவிட்டுப் போனது என்று எல்லோருக்கும் தெரியும்.

நம் ஊர் உதாரணம் ஒன்று. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது 2019 ஜனவரி 1. ஐரோப்பிய ஒன்றியத்தின் உத்தரவு நிறைவேறியது 2019 ஜூனில், நடைமுறைக்கு வந்தது 2021 ஜூலையில். நாம்தான் முந்தி. ஆனால் அவர்கள் சட்டத்தில் சிகரெட் வடிகட்டி, மீன் வலை வரைக்கும் தனித்தனியாகப் பெயர் சொல்லி, குப்பையை அள்ளுகிற செலவை உற்பத்தியாளர் தலையில் கட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் கோயம்பேட்டில் கேரி பேக் வைத்திருக்கிற கீரைக்கார அம்மாவிடம் அபராதம் வாங்குகிறோம், அந்தப் பையைச் செய்த ஆலை எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. உத்தரவு எழுதுகிற மேஜையில் ஒரு நல்ல வக்கீல் உட்கார்ந்து சண்டை போட்டிருந்தால் இந்த வித்தியாசம் குறைந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். அந்த மேஜைக்குக் கட்சி வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை. வரைவு அறிவிக்கை வந்து 60 நாள் கருத்துக் கேட்கிறார்களே, அதற்கு ஒழுங்காக, பிரிவு பிரிவாக எழுதி அனுப்புகிறவர்கள் எத்தனை பேர்?


பாரிமுனை_ஜூனியர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கறுப்புக்கோட்டு சார், கத்தநோம் தீர்ப்பை நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அனுமதிக்கு முன்னாலா பின்னாலா என்ற அந்த ஒரு கேள்விதான் எங்கள் வழக்கிலும் உயிர்நாடி. இங்கேயும் கட்டுமானத்தை முதலில் தொடங்கிவிட்டு அனுமதியைப் பின்னால் வாங்கிக்கொள்கிறார்கள்.

கணக்குக்_கேட்பவன் சார், நீங்கள் கேட்ட கேள்விக்கு, அந்தப் பத்து வருஷத்தில் எண்ணூர் வழக்கு யார் கையில் இருக்கும் என்பதற்கு, என்னிடம் பதில் இல்லை. அதை நான் யோசிக்கவே இல்லை. இன்று காலையில் அந்த அணியில் பேசியவரிடம் ஒரு மாதம் டைம் கேட்டிருக்கிறேன்.


எண்ணூர்_அலை எழுதியது:

வக்கீலம்மா, நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். சேற்றைக் கொட்டினது எங்க பெரியம்மா.

நீங்கள் எல்லோரும் எழுதியதை என் தங்கச்சி சத்தமாகப் படிக்க வீட்டில் உட்கார்ந்து கேட்டோம். அந்தத் திராட்சைக்காரர்கள் கதையைப் பெரியம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னாங்க. "எட்டு மாசம் காட்டுல உக்காந்தாங்களே, அத்தனை நாளும் சோறு யாரு போட்டாங்க?" என்று கேட்டாங்க. பதில் தெரிந்தால் வேளச்சேரி அண்ணன் சொல்லுங்கள்.

கொசஸ்தலை ஆறும் கழிமுகமும் எங்களுக்கு வயல். அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்தால் அன்றைக்கு மீன்பாடு இல்லை, அடுத்த வாரமும் இல்லை. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாம் கறுப்பு, எங்க பசங்க வெறுங்கையால் பக்கெட்டில் அள்ளினாங்க. அப்போது வராத கட்சி இல்லை, கரை வேட்டி எல்லாம் வந்து கரையில் நின்று போட்டோ எடுத்தது. ஒரு வாரம். அப்புறம் கரைக்கு வந்தது யார் தெரியுமா, நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்த இரண்டு வக்கீல் பசங்க, அவ்வளவுதான்.

நீங்கள் கட்சிக்குப் போனாலும் சரி, கோர்ட்டிலேயே இருந்தாலும் சரி, எங்களுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. நாலு வருஷமாகப் பார்க்கிறவர் என்பதால் கேட்கிறேன், அந்தக் குறிப்பில் ஒரு வரி என்று எழுதினார்களே, அதை மாற்ற முடியுமா முடியாதா? பெரியம்மா பேசினது முழுசாக என் போனில் வீடியோவாக இருக்கிறது, பன்னிரண்டு நிமிஷம். அதை அப்படியே எழுத்தாக்கிக் கொடுத்தால் சேர்ப்பார்களா?


பழைய_கறுப்புக்கோட்டு எழுதியது:

எண்ணூர் தம்பி, அந்த வீடியோவை அழித்துவிடாதே, வேறு இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வை, எடுத்த போனையும் மாற்றாதே. கருத்துக் கேட்புக் கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், கூட்டக் குறிப்பை அங்கேயே உள்ளூர் மொழியில் கூடியிருப்பவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலேயே இருக்கிறது. அன்றைக்கு வாசித்தார்களா?


எண்ணூர்_அலை எழுதியது:

இல்லை சார். மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று மைக்கை அணைத்துவிட்டு எல்லோரும் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.


பழைய_கறுப்புக்கோட்டு எழுதியது:

அப்படியானால் அதுவே ஒரு ஆட்சேபணை. ஜூனியர் அம்மா, இதை உன் சீனியரிடம் நாளைக்கே சொல். அவர் சம்மதித்தால் பிரமாணப் பத்திரத்தைப் பெரியம்மா பெயரில் தமிழிலேயே தயார் செய், அவங்க சொன்ன வார்த்தை ஒன்றுகூட மாறக் கூடாது, எறாவை இறால் என்றுகூடத் திருத்தாதே. மொழிபெயர்ப்பை நான் பார்த்துத் தருகிறேன்.


பாரிமுனை_ஜூனியர் எழுதியது:

சீனியரிடம் பேசிவிட்டேன், சரி என்றுவிட்டார். சனிக்கிழமை காலையில் எண்ணூர் வருகிறேன் அண்ணா. பெரியம்மா ஆற்றுக்குப் போகிறதற்கு முன்னால் வர வேண்டும் என்றால் எத்தனை மணிக்கு வரட்டும்?


எண்ணூர்_அலை எழுதியது:

நாலரைக்கு வந்துவிடுங்கள். அந்த நேரத்துக்குத்தான் தண்ணி வத்தும். பெரியம்மா உங்களையும் ஆற்றில் இறங்கச் சொல்றாங்க, மாற்றுத் துணி எடுத்து வாங்க.